மூடிய வளாகத்தில் எடுத்த முடிவு

2020 நவம்பரில் நெல்லை மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம், முதுகலை ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து அருந்ததி ராயின் நூல் ஒன்றை நீக்கியது. மாவோயிஸ்டுகளோடு காட்டுக்குள் நடந்ததைச் சொல்லும் நூல்; 2017 முதல் பாடமாக இருந்தது. ஏபிவிபி புகார் கொடுத்தது, குழு கூடியது, நூல் போனது. அந்த இடத்துக்கு மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகள் வந்தன. கிருஷ்ணன்மேல் நமக்கு வருத்தமில்லை. நம் ஊர்க்காரரான அ. மாதவையாவின் மகன், நன்றாக எழுதியவர். ஆனால் காட்டைப் படிக்கலாம், காட்டில் வாழும் மக்கள் ஏன் போராடுகிறார்கள் என்று படிக்கக் கூடாது என்றால், அது என்ன சீர்திருத்தம்? 1999 ஜூலை 23 அன்று கூலி கேட்டு ஊர்வலம் வந்த மாஞ்சோலைத் தொழிலாளர்கள்மீது போலீஸ் தடியடி நடத்தியதில், ஒன்றரை வயதுக் குழந்தை உட்பட 17 பேர் தாமிரபரணியில் செத்தார்கள். அவர்களைப் பற்றி எந்தப் பாடத்தில் படிக்கப்போகிறோம்?

நூலை நீக்கியபோது நாம் எங்கே இருந்தோம்? வீட்டில். ஊரடங்கு வந்ததிலிருந்து வகுப்பறை கிடையாது, ஆதிதிராவிடர் நல விடுதி கிடையாது. முக்கூடல் பக்கம் அம்மா பீடி சுற்றும் திண்ணையில் உட்கார்ந்து, வீட்டுக்கு ஒன்றாக இருக்கும் செல்போனில், தம்பியின் வகுப்பு முடிந்த பிறகு நம் வகுப்பு. சிக்னல் வேண்டுமென்றால் குளத்துக்கரைக்குப் போக வேண்டும். அபிஷேகப்பட்டி வளாகத்தில் என்ன முடிவானது என்பதைச் செய்தித்தாளில்தான் பார்த்தோம்.

டெல்லியிலும் இதே கதைதான். குடியுரிமைச் சட்டத்துக்கு எதிரான போராட்டங்கள் ஊரடங்கோடு முடங்கின. மார்ச் 23க்குப் பிறகு செப்டம்பர் 14 வரை நாடாளுமன்றம் கூடவில்லை. இடையில் ஜூலை 29 அன்று தேசிய கல்விக் கொள்கைக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஓராண்டு படித்துவிட்டு நின்றால் சான்றிதழ், இரண்டாண்டு என்றால் டிப்ளமோ என்கிறது அந்தக் கொள்கை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் தெருவில் முதலாண்டோடு நிற்பவர்கள் ஆசைப்பட்டா நிற்கிறார்கள்? உதவித்தொகை வரவில்லை, பஸ்ஸுக்குக் காசில்லை, வீட்டில் ஒருவர் படுத்துவிட்டார், அதனால் நிற்கிறார்கள். அவர்கள் கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்துவிட்டால் இடைநிற்றல் என்ற கணக்கே காணாமல் போகும்.

பாடத்திட்டத்தை மாற்றவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. வளாகம் திறந்திருக்கும்போது, காரணத்தை எழுத்தில் வைத்து, தலித் ஆசிரியர்களும் மாணவர்களும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் மாற்றுங்கள் என்கிறோம். அடுத்த முறை பாடத்திட்டக் குழு கூடியதும் தகவல் உரிமைச் சட்டத்தில் கூட்டக் குறிப்பைக் கேட்போம். 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். மனு எழுதத் தெரிந்த சீனியர்கள் இந்த வாரமே ஜூனியர்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள்.