பழைய காமிராவும் பெயரில்லாத படங்களும்

சில ஆண்டுகளாகப் பழைய டிஜிட்டல் காமிராக்களுக்கு மீண்டும் மவுசு வந்திருக்கிறது. பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கையடக்கக் கருவிகளைக் கல்லூரி மாணவர்கள் தேடி வாங்குகிறார்கள். கோவையில் கூடும் எங்கள் வாசக நண்பர்களில் ஆறு பேர் இத்தகைய காமிராவைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறார்கள். மூவரிடம் இருப்பது ஒரே வகை: 2007-இல் வெளிவந்த கேனான் பவர்ஷாட் ஏ570 ஐஎஸ். அதைப் பற்றி அவர்கள் சொன்னவற்றையும், அவற்றில் எங்களுக்குள்ள உடன்பாட்டையும் மறுப்பையும் இங்கே பதிவுசெய்கிறோம்.

முதலில் பாராட்டு. 7.1 மெகாபிக்சல், 4 மடங்கு ஜூம், கை நடுக்கத்தைச் சமன்செய்யும் லென்ஸ், கண்ணை வைத்துப் பார்க்க ஒரு சிறு சாளரம். இவை எல்லாவற்றையும்விட அவர்கள் மெச்சுவது, அது இரண்டு பென்டார்ச் பேட்டரியில் ஓடுகிறது என்பதைத்தான். அக்காலத்து மெலிந்த, அழகிய காமிராக்கள் பல, தமக்கென்றே செய்யப்பட்ட பேட்டரி இன்று கிடைக்காமல் முடங்கிவிட்டன. இதற்கோ, நல்ல ரீசார்ஜ் பேட்டரி இரண்டு இருந்தால் போதும். பம்புசெட் மோட்டாரைத் தானே பிரித்துப் பூட்டும் கொங்குநாட்டு மனத்துக்கு இது பிடித்திருப்பதில் வியப்பில்லை. இந்தப் பாராட்டை முழுமனதோடு ஏற்கிறோம்.

அடுத்தது குறை. மாலைநேர இலக்கியக் கூட்டங்களில் இதன் ஃபிளாஷ் முதல் இரண்டு வரிசைகளைத் தாண்டாது. ஃபிளாஷை அணைத்து ஒளியுணர்வைக் கூட்டினால் படம் முழுக்கப் புள்ளிகள் இறையும். லென்ஸ் நம் கை நடுக்கத்தைத்தான் சமன்செய்யும். பேச்சாளர் கையை வீசிப் பேசினால் அந்தக் கை புகையாகத்தான் பதியும். இதுவும் சரியே.

மூன்றாவது கருத்தை மட்டும் நாங்கள் ஏற்கவில்லை. பழைய காமிராவின் சிசிடி உணரிக்கு ஃபிலிமைப் போன்ற தனி வண்ணம் உண்டு என்கிறார்கள். வண்ணத்தைத் தீர்மானிப்பது உணரியின் வகை மட்டுமன்று. அதன்மேல் பதிந்துள்ள வண்ண வடிகட்டிக்கும், உள்ளிருக்கும் மென்பொருளுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. நேராக முகத்தில் அடிக்கும் ஃபிளாஷும் நம் நினைவேக்கமும் மிச்சத்தைச் செய்கின்றன.

ஆனால் உரிமையாளர்கள் யாரும் சொல்லாத குறை ஒன்று உண்டு. அது காமிராவின் குறையன்று, எங்களுடையது.

ஃபிலிம் காலத்துப் படங்கள் ஆல்பங்களில் இருக்கின்றன. கைபேசிக் காலத்துப் படங்கள் எங்கேனும் ஒரு கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கின்றன. இடைப்பட்ட சில ஆண்டுகளின் படங்களோ குறுவட்டுகளிலும் இயங்காத கணினிகளின் வன்தட்டுகளிலும் கிடக்கின்றன. வீட்டில் எழுதிய குறுவட்டு வெயிலிலும் வெக்கையிலும் கெட்டுப்போகக்கூடியது. கொங்குநாடு வேகமாக உருமாறிய ஆண்டுகள் அவை. 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது நண்பர்கள் இந்தக் காமிராவோடுதான் சுற்றினார்கள். அவிநாசி சாலையில் இன்று பத்துக் கிலோமீட்டர் நீளத்துக்கு மேம்பாலம் நிற்கிறது. 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய சாலையின் படம் ஒன்றைச் சென்ற மாதம் தேடினோம். மூன்று குறுவட்டுகளில் ஒன்றுதான் திறந்தது.

அதில் நாங்கள் தேடாத ஒரு படம் இருந்தது. தாராபுரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், வேலியோரம் ஒரு புலிகுத்திக்கல். பட்டியைக் காக்கப் புலியோடு பொருதி மாண்டவனுக்கு நட்ட கல். அருகில் தலையில் உருமாலோடு ஒரு பெரியவர். அரைமணி நேரம் அந்தக் கல்லின் கதையை எங்களுக்குச் சொன்னவர் அவர். அவர் பெயரை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. கதையிலும் பாதிதான் நினைவிருக்கிறது. படத்தின் தேதி 2007 ஜனவரி 1 என்கிறது, அது பொய். தேதியைக் காக்கும் பொத்தான் பேட்டரி அப்போது தீர்ந்துபோயிருந்தது. கல்லில் எழுத்து இல்லாததால் வீரனின் பெயர் தெரியவில்லை என்று அன்று குறைபட்டுக்கொண்டோம். அதே பிழையை அவருக்கு நாங்கள் செய்தோம்.

ஆகவே பழைய காமிராவை வாங்கலாமா, விற்கலாமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் கருத்து இதுதான். இயங்கினால் வைத்துக்கொள்ளுங்கள், பகல் வெளிச்சத்தில் இன்றும் நல்ல படம் தரும். அதற்கு முன், உள்ளிருக்கும் அட்டையைக் கழற்றிப் படங்களை இரண்டு இடங்களில் படியெடுங்கள். முக்கியமான பத்துப் படங்களையாவது அச்சிட்டு, பின்புறம் ஊர், ஆண்டு, நிற்பவர் பெயர் எழுதுங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அந்தப் பெரியவரின் படத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறன்று அவ்வூருக்குப் போகிறோம். அவரை அறிந்தவர் யாரேனும் இருப்பார்கள் என்று நம்புகிறோம்.