நிம்மதிக்கும் விலை உண்டு

‘பணத்தால் மகிழ்ச்சியை வாங்க முடியாது’ என்று சொல்பவர்கள் யார் என்று ஒருமுறை உற்றுப் பாருங்கள். மாலை மரியாதையோடு மேடை ஏறிய சிறப்பு விருந்தினர், பக்தர்கள் தாங்கும் சாமியார், மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வரும் பெரியவர். கேட்டுத் தலையாட்டுபவர்களோ மாதக் கடைசியை எப்படி ஓட்டுவது என்று கணக்குப் போடுபவர்கள். நம் சினிமாவும் தன் பங்குக்குக் குடிசைக்குள் சிரிப்பையும் மாளிகைக்குள் கண்ணீரையும் பல காலமாகக் காட்டி வந்திருக்கிறது. வட்டிக்காரர் வந்து நிற்கும் வீட்டிலிருந்து இந்தத் தத்துவம் கிளம்பியதாகத் தெரியவில்லை.

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தன. அறுவடைக்கு முன், கை காய்ந்து கிடந்தபோது ஒரு முறையும், கரும்புப் பணம் வந்த பிறகு ஒரு முறையும் அவர்களின் சிந்தனைத் திறனைச் சோதித்தார்கள். அதே ஆள், அதே படிப்பு. ஆனால் காசில்லாத நாட்களில் திறன் குறைந்திருந்தது. கடனும் செலவும் மூளையின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டால், யோசிக்கவே இடமில்லாமல் போகிறது. பிறகு எங்கிருந்து மகிழ்வது?

பணமில்லாமை பறிப்பது நிம்மதியை மட்டுமா? ‘அடுத்த வாரம் கண்டிப்பாகத் தந்துவிடுகிறேன்’ என்று, தர முடியாது எனத் தெரிந்தே சொல்ல வைக்கிறது, யோக்கியனையும் பொய்யனாக்குகிறது. மொய் எழுத வழியில்லாதவன் உயிர் நண்பன் வீட்டுக் கல்யாணத்துக்கே போகாமல் ‘உடம்பு சரியில்லை’ என்று சொல்லி அனுப்புகிறான். உண்மையும் நட்பும் காசுக்கு அப்பாற்பட்டவை என்று முழங்குபவர்கள் இந்த இரண்டு பொய்களையும் சொல்ல வேண்டிய நிலைக்கு வந்ததில்லை.

‘பணக்காரனும்தானே அழுகிறான்?’ என்பார்கள். அழுகிறான். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டணத்தை நினைத்து அவன் இன்னொரு முறை அழ வேண்டியதில்லை. அமெரிக்கர்களை வைத்து டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, ஆண்டு வருமானம் 75,000 டாலரைத் தாண்டினால் அன்றாட மகிழ்ச்சி மேலும் கூடுவதில்லை என்றது. அதை உலகமே பிடித்துக்கொண்டது. நோய், மணமுறிவு, தனிமை ஆகியவற்றின் வலி வருமானம் குறைந்தவர்களிடம் இன்னும் கூடுதலாக இருக்கிறது என்றும் அதே ஆய்வு சொன்னதை யாரும் பேசவில்லை. பின்னர் கானமனே வேறு இருவருடன் சேர்ந்து 2023இல் கணக்கைத் திருத்தினார்: பெரும்பாலோருக்கு, வருமானம் ஏற ஏற மகிழ்ச்சியும் ஏறிக்கொண்டுதான் போகிறது.

‘போதுமென்ற மனம்’ என்று பேசத் தொடங்குபவர்கள் வள்ளுவரையும் துணைக்கு அழைப்பார்கள். ஆசையை அறுக்கச் சொல்லும் அதிகாரத்தை அவர் வைத்தது துறவறவியலில். வறுமைக்குப் பொருட்பாலில் ‘நல்குரவு’ என்று தனி அதிகாரமே எழுதி, அதில் தூக்கம் கூட வராது என்று சொல்லிவிட்டார். துறவிக்குச் சொன்னதை எடுத்துக் கூலிக்காரனுக்குப் போதிப்பது யாருக்கு வசதி? கூலியை உயர்த்த மனமில்லாதவனுக்குத்தான்.

பேராசை கெட்டது, அதில் சண்டையில்லை. கோடிக்கு மேல் கோடி சேர்ப்பவனிடம் போய் அந்த உபதேசத்தைத் தாராளமாகச் சொல்லுங்கள். கரும்பு விவசாயிக்கு வேண்டியது வேறு. வெட்டிக் கொடுத்த கரும்புக்கு 14 நாட்களுக்குள் ஆலை பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும் என்று 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. மகிழ்ச்சியைப் பற்றி மேடை போட்டுப் பேச ஆசைப்படுபவர்கள் முதலில் ஆலை தராமல் வைத்திருக்கும் பாக்கியை வாங்கிக் கொடுக்கட்டும். மன அமைதியை விவசாயி தாமே பார்த்துக்கொள்வார்.