மன்னிக்க நீங்கள் யார்?

2025 ஜூலைத் திங்களில் ஆரம்பாக்கம் கொதித்தது. பள்ளி முடிந்து வீடு திரும்பிய சிறுமியை ஒரு கயவன் தூக்கிச் சென்று சிதைத்தான் என்ற செய்தி கேட்டுக் கும்மிடிப்பூண்டி வட்டாரமே கொந்தளித்தது. மக்கள் நீதி கேட்டுக் குரல் எழுப்பினர். தனிப்படைகள் அமைந்தன. இரண்டு வாரத்திற்குள் ஒருவன் பிடிபட்டான். அந்தச் சினம் நேர்மையான சினம். மானமுள்ள மக்களின் சினம்.

ஆனால் தோழர்களே, ஒன்று கேட்கிறோம். அக்கொடியவன் முகமறியா வழிப்போக்கனாக இல்லாமல், காவி கட்டியவனாகவோ அங்கி தரித்தவனாகவோ இருந்திருந்தால்? நடந்த இடம் ஆளரவமற்ற வெளியாக இல்லாமல், நாள்தோறும் இறைவணக்கம் ஒலிக்கும் பள்ளி விடுதியாக இருந்திருந்தால்? நடந்தது நேற்று அல்ல, இருபது ஆண்டுகட்கு முன்பு என்றிருந்தால்? இதே சினம் எழுந்திருக்குமா? எழாது! "பழங்கதையைக் கிளறாதே" என்பார் ஒருவர். "பெரியவரைப் பழித்தால் பாவம் சேரும்" என்பார் இன்னொருவர். "நல்ல பள்ளியின் பெயரைக் கெடுக்காதே" என்பார், அப்பள்ளியில் தம் பிள்ளையைச் சேர்த்திருப்பவர். கயவன் தெருவில் நின்றால் கல்லெறிகிறோம். பீடத்தில் அமர்ந்தால் மாலை சூட்டுகிறோம்! இதைவிடப் பெரிய மடமை வேறு உண்டோ?

இதனை ஏன் கும்மிடிப்பூண்டியிலிருந்து எழுதுகிறோம்? சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளிலே இரவு ஷிப்டு பார்த்துவிட்டு, விடியற்காலையில் கண் சிவக்க வீடு திரும்பும் தொழிலாளியைக் கேளுங்கள். தாயும் வேலைக்குப் போகிறாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. "மடத்துப் பள்ளி, ஒழுக்கம் கற்றுத் தருவார்கள். கன்னியர் விடுதி, கண்ணுங் கருத்துமாகக் காப்பார்கள்" என்று நம்பி, வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தோடு பிள்ளையையும் ஒப்படைக்கிறான். ஏழை தன் செல்வம் முழுவதையும் ஒப்படைக்கும் இடம் அது. அந்த நம்பிக்கைக்குத் துரோகம் நேர்ந்தால், அதற்குக் கணக்குக் கேட்கும் உரிமை அவனுக்கு உண்டா, இல்லையா?

பள்ளிகள் நடத்தும் மத நிறுவனங்கள் பழைய குற்றங்களைக் கையாளும் முறையை உலகெங்கும் உற்று நோக்கினோம். மொழி வேறு, மதம் வேறு, நிறம் வேறு, முறை ஒன்றே! மறைப்பு, மாற்றல், மன்னிப்பு, மறதி என்னும் நான்கு படிகள் அவை.

முதற்படி மறைப்பு. அயர்லாந்து நாட்டில் 'தொழிற்பள்ளிகள்' என்ற பெயரில் ஏழைக் குழந்தைகளை அடைத்து வைத்த விடுதிகளைக் கத்தோலிக்கத் துறவற சபைகள் நடத்தின. நீதிபதி ரயன் தலைமையிலான ஆணையம் 2009 மே திங்களில் தன் அறிக்கையை வெளியிட்டது. ஆண்பிள்ளைகளின் விடுதிகளிலே பாலியல் கொடுமை தீராத நோய்போல் பரவிக் கிடந்ததை அது எடுத்துக் காட்டியது. ஆனால் கொடுமை புரிந்தோரின் பெயர்கள்? அந்த ஏட்டில் இல்லை! 'கிறித்தவச் சகோதரர்' சபை வழக்குத் தொடுத்து, பெயர்கள் வெளிவராதபடி பார்த்துக்கொண்டது. அதற்கு முன்பே, 2002இல், அரசோடு ஓர் உடன்பாடும் முடிந்திருந்தது. ஈட்டுத்தொகையில் சபைகளின் பங்கு ஏறத்தாழ 12 கோடியே 80 இலட்சம் யூரோ. அதற்கு மேல் எவ்வளவானாலும் அரசு கொடுக்க வேண்டும். மொத்தச் செலவு 100 கோடி யூரோவைத் தாண்டியது. குற்றம் சபையின் வீட்டில். தண்டம் மக்களின் வரிப்பணத்தில்! என்னே கணக்கு!

இரண்டாம் படி மாற்றல். மூன்றாம் படி மன்னிப்பு. இவற்றைக் காண அயர்லாந்து வரை போக வேண்டியதில்லை, நம் நீலகிரியே போதும். உதகை மறைமாவட்டப் பாதிரியார் ஒருவர் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பணியாற்றியபோது, இளம் பெண்களிடம் தகாத முறையில் நடந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். அங்கே வழக்கு, இங்கே அவர் ஆயர் அலுவலகத்தில்! சபைப் பள்ளிகளின் ஆசிரியர் நியமனக் காரியங்களை அவர் கவனித்து வந்தார் என்ற செய்தி 2010இல் வெளிவந்தது. குழந்தை தொடர்பான குற்றச்சாட்டுக்கு ஆளானவர் கையில், குழந்தைகளுக்கு யார் பாடம் சொல்வது என்று தீர்மானிக்கும் வேலை! பின்னர் அவர் கைதாகி, அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டு, 2015இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றுத் திரும்பினார். 2016 தொடக்கத்தில், வத்திக்கானைக் கலந்துகொண்டு, மறைமாவட்டம் அவர் மீதிருந்த பணித்தடையை நீக்கிற்று.

மன்னித்துவிட்டார்களாம்! யாரைக் கேட்டு மன்னித்தார்கள்? அடிபட்டவள் ஒருத்தி, மன்னிப்பவர் இன்னொருவர். கடன் கொடுத்தவன் இருக்க, கடனைத் தள்ளுபடி செய்ய அடுத்த வீட்டுக்காரனுக்கு உரிமை ஏது? மன்னிப்பு உயர்ந்த பண்பு, மறுக்கவில்லை. ஆனால் அது பாதிக்கப்பட்டவரின் உடைமை. அதை அவரிடமிருந்து பறித்துக் குற்றவாளிக்குப் பரிசாக வழங்குவது அருள் அன்று, இரண்டாம் களவு!

நான்காம் படி மறதி. ஹரே கிருஷ்ணா இயக்கம் எனப்படும் இஸ்கான், 1971இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் தன் முதல் குருகுலத்தைத் திறந்தது. பெற்றோர் நூல் விற்கவும் நிதி திரட்டவும் தெருத்தெருவாகச் செல்ல, குழந்தைகள் குருகுலங்களில் விடப்பட்டனர். அக்குருகுலங்கள் சிலவற்றில், அமெரிக்காவிலும் இந்தியாவிலும், 1970களிலும் 1980களிலும் குழந்தைகள் அடியும் பாலியல் கொடுமையும் பட்டனர். நேர்மையாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவோம்: 1998இல் அவ்வியக்கத்தின் சொந்த இதழே இதனை ஆராய்ந்த கட்டுரையை வெளியிட்டது, குழந்தைப் பாதுகாப்பு அலுவலகம் ஒன்றும் அவ்வாண்டிலேயே அமைந்தது. பாராட்டலாம். ஆனால் 2000இல், வளர்ந்துவிட்ட அக்குழந்தைகள் நாற்பத்து நால்வர் 40 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தபோது நடந்ததென்ன? வழக்கில் சிக்கிய கோயில்கள் திவால் பாதுகாப்பு நாடின. இறுதியில் 2005இல், 500க்கும் மேற்பட்டோருக்கு ஏறத்தாழ 95 இலட்சம் டாலர் என்று தீர்வாயிற்று. குழந்தைப் பருவத்தையே இழந்தவர்கள், கடன்காரர்களின் வரிசையில் நின்று பங்கு வாங்க நேர்ந்தது!

இப்படி இழுத்தடித்துவிட்டுப் பிறகு கேட்கிறார்கள், பெரிய அறிவாளிகளைப்போல: "அன்றே ஏன் சொல்லவில்லை?"

ஏன் சொல்லவில்லையா? ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை அரச ஆணையம் ஒன்று 8,000க்கும் மேற்பட்டோரைத் தனித்தனியே சந்தித்துக் கேட்டது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மத நிறுவனங்களிலே கொடுமைக்கு ஆளானவர்கள். தமக்கு நேர்ந்ததை வெளியே சொல்ல அவர்களுக்குச் சராசரியாக இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்று அவ்வாணையம் கண்டது. எட்டு வயதுக் குழந்தைக்கு நடந்ததன் பெயரே தெரியாது. 'குருவே தெய்வம்' என்று வீடு சொல்லியிருக்கிறது. 'குரு சொன்னால் கேள்' என்று பள்ளி சொல்லியிருக்கிறது. தெய்வத்தின் மீது புகார் கொடுக்க எந்தக் காவல் நிலையம் இருக்கிறது அக்குழந்தைக்கு?

நம் சென்னைக்குத் தெற்கே, கேளம்பாக்கத்தில் நடந்ததும் இதுதான். சுசில்ஹரி பள்ளியின் நிறுவனரும் சாமியாருமான சிவசங்கர் பாபா மீது முன்னாள் மாணவியர் பலர் 2021இல் வாய் திறந்தனர். மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் விசாரித்தது. அவ்வாண்டு ஜூனில் சி.பி.சி.ஐ.டி. காவலர் அவரைத் தில்லியில் கைது செய்தனர். குற்றம் உண்டா இல்லையா என்பதை நீதிமன்றமே சொல்ல வேண்டும், நாம் முந்திக்கொள்ளவில்லை. நாம் கேட்பது வேறு. தாளாளரும் அவர், குருவும் அவர், பக்தரின் கடவுளும் அவர் என்ற பள்ளியில், குழந்தை யாரிடம் போய்ச் சொல்லும்?

"மதப் பள்ளிகளில் மட்டுந்தானா இது நடக்கிறது? அரசுப் பள்ளியில் இல்லையா? தனியார் பள்ளியில் இல்லையா?" என்று கேட்கும் நண்பர் உண்டு. உண்டு நண்பரே, எங்கும் உண்டு! ஆனால் அரசுப் பள்ளி ஆசிரியன் தவறிழைத்தால் அவனுக்குப் பரிந்து பேசக் கடவுள் வருவதில்லை. அவனைக் காட்டிக் கொடுப்பது பாவம் என்று பாட்டி சொல்வதில்லை. மத நிறுவனத்தில் மட்டுமே குற்றவாளிக்குப் புனிதம் கவசமாகிறது. அக்கவசத்தையே எதிர்க்கிறோம், எவருடைய வழிபாட்டையும் அல்ல.

ஒரு சிறுவனின் சொல்லுக்கு எத்தனை வலிமை உண்டென்பதை இந்நாடு முன்பே கண்டிருக்கிறது. சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவர்க்கு வேறு பந்தி, வேறு தண்ணீர். அங்குப் பயின்ற சிறுவன் ஒருவன் அதைத் தந்தையிடம் சொன்னான். செய்தி பெரியாரை எட்டியது. அது சாதிக் கொடுமை, இது உடற்கொடுமை. ஆனால் அன்றும் "வ.வே.சு. ஐயர் தியாகியாயிற்றே, அவர் நடத்தும் பள்ளியைக் குறை சொல்லலாமா?" என்றே கேட்டார்கள். பெரியாரும் டாக்டர் வரதராசுலு நாயுடுவும் தியாகியின் புகழைப் பார்க்கவில்லை. சிறுவனின் சொல்லைப் பார்த்தார்கள். 1925இல் தமிழகமே அதிர்ந்தது. குழந்தையை நம்பியதனால் வந்த அதிர்வு அது!

இன்று சட்டமும் நம் பக்கம் நிற்கிறது. 2012இல் இயற்றப்பட்ட போக்சோ சட்டத்தின்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தே தீரவேண்டும். தம் கீழ் உள்ளவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. எனவே 'எங்கள் உள்விசாரணைக் குழு பார்த்துக்கொள்ளும்' என்று எந்த மடமும் எந்தச் சபையும் எந்த அறக்கட்டளையும் சொல்ல முடியாது. குற்றஞ்சாட்டப்பட்ட வீட்டின் கூடத்திலேயே நீதிமன்றம் கூடுவதா?

ஆயினும் ஓட்டை உண்டு. 2012க்கு முன் நடந்தவற்றுக்கு இச்சட்டம் பாயாது. பழைய சட்டத்தின்கீழ், மூன்றாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களுக்கு மூன்றாண்டுக் கெடு. நீதிமன்றம் தாமதத்தைப் பொறுத்தாலன்றி வழக்கே நில்லாது. இருபது ஆண்டு கழித்தே வாய் திறக்க முடிகிறவருக்கு மூன்றாண்டுக் கெடு விதிப்பது நீதியா? அக்கெடு நீங்க வேண்டும். பள்ளி நடத்தும் எல்லா மத நிறுவனங்களின் பழைய புகார் ஏடுகளையும் மாற்றல் ஏடுகளையும் அழைத்துப் பார்க்கும் அதிகாரத்தோடு, அரசு தனி ஆணையம் அமைக்க வேண்டும். இந்து மடம், கிறித்தவ சபை, இசுலாமிய மதரசா என்ற பாகுபாடு அதில் கூடாது. ஈட்டுத்தொகை நிறுவனத்தின் நிலத்திலிருந்தும் கட்டடத்திலிருந்தும் வரவேண்டும், மக்களின் வரியிலிருந்தல்ல.

இளைஞர்களே! ஆணையம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில் இருக்கும் பள்ளியின் ஆண்டு விழாவிற்குச் செல்லுங்கள். பெற்றோர் கூட்டத்திற்குச் செல்லுங்கள். "புகார் வந்தால் எந்தக் காவல் நிலையத்திற்குச் சொல்வீர்கள்? இதற்கு முன் யாரையேனும் விலக்கினீர்களா? விலக்கியவர் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்?" என்று எழுந்து நின்று கேளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும், 14417 என்ற கல்வித்துறை உதவி எண்ணையும் விடுதிச் சுவர்களில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மறுத்தால், ஏன் மறுக்கிறார்கள் என்று ஊரறியக் கேளுங்கள்.

என்றேனும் ஒரு நாள், வளர்ந்துவிட்ட ஒருவர் உங்கள் முன் அமர்ந்து, தயங்கித் தயங்கி, "எனக்குச் சின்ன வயதில்..." என்று தொடங்கினால், "ஏன் அன்றே சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இன்றாவது சொன்னீர்களே, யாரிடம் போகலாம்?" என்று கேளுங்கள்.