ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஏன் அதே கட்டணம்?

ஜூரோங் வெஸ்ட், பூன் லே, தாமான் ஜூரோங் வட்டாரங்களில் வாழும் நம் குடும்பங்களுக்குத் தொலைபேசிக் கட்டணம் இன்று மின்சாரக் கட்டணம் மாதிரி. மாதம் பிறந்தால் வந்து நிற்கும். "எந்நேரமும் கைத்தொலைபேசியும் கையுமாக இருந்தால் காசு போகத்தானே செய்யும்" என்று நமக்குப் புத்தி சொல்பவர்கள் உண்டு. அதை ஏற்க முடியாது. நம் காசு பேசுவதால் மட்டும் போகவில்லை. புரியாத தாளில் கையெழுத்துப் போடுவதாலும் போகிறது.

கடையில் தொலைபேசியைக் குறைந்த விலைக்கோ இலவசமாகவோ தருகிறார்கள். அதன் விலை 24 மாதக் கட்டணத்துக்குள் ஒளிந்திருக்கிறது. இரண்டு ஆண்டு முடிந்ததும் அந்தக் கடன் தீர்ந்துவிடுகிறது. ஆனால் நாம் போய்க் கேட்டு மாற்றாவிட்டால் பல திட்டங்களில் அதே தொகை தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும். மாதம் 40 வெள்ளி கட்டுபவர் 10 வெள்ளி சிம் மட்டும் திட்டத்துக்கு மாறினால் ஆண்டுக்கு 360 வெள்ளி மிச்சம். எண் போய்விடுமே என்ற பயம் வேண்டாம். 2008 ஜூன் முதல் எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தம் முடியும் தேதியை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முன்னதாக விலகினால் அபராதம்.

இதெல்லாம் தமிழில் எங்கே எழுதியிருக்கிறது? அரசியலமைப்பின் 153ஏ பிரிவு தமிழை நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. கையெழுத்துப் போடும் தாளோ ஆங்கிலத்தில். பிள்ளைகள் படித்துச் சொல்லட்டுமே என்பார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையா ஒப்பந்தம் படிக்க வேண்டும்? மாதத் தொகை, முடியும் தேதி, அபராதம் இம்மூன்றையும் ஒரே பக்கத்தில் தமிழில் தரச் சொல்லி ஆணையம் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்த வேண்டும். இதைக் கேட்பது சலுகையல்ல.

வீட்டு இணையத்துக்கும் இதே கதைதான். 2021 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் வீட்டிலிருந்து கற்கும் நாட்கள் வழக்கமாகிவிட்டன. மடிக்கணினி இருந்தும் இணைப்பு இல்லையென்றால் என்ன பயன்? குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக 2023இல் 'டிஜிட்டல் அக்சஸ் அட் ஹோம்' திட்டம் வந்தது. கழிவு விலையில் இணையமும் கணினியும் கிடைக்கும். வருமான வரம்பு உண்டு. தகுதி இருக்கிறதா என்று சமூக மன்றத்திலோ குடும்ப சேவை நிலையத்திலோ கேட்டுப் பாருங்கள். கூச்சப்படாதீர்கள், அது நம் வரிப்பணமும்தான்.

விடுதிகளில் இருக்கும் நம் ஊர்த் தொழிலாளிக்கு இத்திட்டம் கிடையாது. 2020இல் விடுதிகள் அடைக்கப்பட்டபோது வீட்டாரின் முகம் பார்க்க அவருக்கு இருந்த ஒரே வழி கைத்தொலைபேசிதான். அதற்குப் பிறகு, 2021 செப்டம்பரில், புதிதாகக் கட்டும் விடுதிகளில் வைஃபை இருக்க வேண்டும் என்று விதி வந்தது. பழைய விடுதிகளும் அதைச் செய்யட்டும். எட்டு மணி நேரத்துக்கு மேல் உழைப்பவர் தன் குழந்தையோடு பேசவும் டேட்டா கணக்குப் பார்க்க வேண்டுமா?