கடலோடிக்கு மட்டும் பொய் முள்ளா?



ஆசிரியர் அறையில் தேநீர் வேளையில் நடக்கும் பேச்சுகளை நான் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் சென்ற வாரம் கேட்ட ஒரு பேச்சை அப்படி விட்டுவிட இயலவில்லை. எரிபொருள் தீர்ந்து நடுக்கடலில் தத்தளித்த மீனவர்களைப் பற்றிய செய்தியை ஒருவர் படித்துக் காட்டினார். உடனே மற்றொருவர், "முள்ளைப் பார்த்து ஓட்டவேண்டும் என்பது கூடவா தெரியாது? படிப்பில்லாவிட்டால் இப்படித்தான்" என்றார். சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் மறுத்தும் பேசவில்லை. அந்த மௌனம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அன்று சொல்லாததை இன்று எழுதுகிறேன்.

எனக்கு மறுமொழி தெரிந்திருந்தது. அதுதான் உறுத்தலுக்குக் காரணம். சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தேக்காவில் பணம் அனுப்பும் கடையொன்றின் வரிசையில் நாகப்பட்டினத்துப் பக்கத்து இளைஞர் ஒருவர் எனக்கு முன்னால் நின்றார். இங்கே கட்டுமான வேலை. ஊரில் தந்தை மீன்பிடிக்கிறார். "அப்பாவுக்குப் புது டேங்க் வாங்கணும் சார், அதுக்குத்தான் அனுப்புறேன்" என்றவர், காரணத்தையும் சொன்னார். மூன்று பேர் போன ஃபைபர் படகு. வெளிப்புற எஞ்சின். டேங்க் மூடியிலிருந்த முள் கால் பங்கு இருப்பதாகக் காட்டியது. அதை நம்பி இன்னும் ஒரு முறை வலை விட்டிருக்கிறார்கள். திரும்பும் வழியில் எஞ்சின் இருமி நின்றுவிட்டது. ஓர் இரவு முழுவதும் நீரோட்டத்தோடு போய், மறுநாள் உச்சி வேளையில் வேறொரு படகின் கயிறு கிடைத்துக் கரை சேர்ந்தார்கள். "கரைக்கு வந்து டேங்கைக் கவிழ்த்துப் பார்த்தா ஒரு சொட்டு இல்ல சார். முள்ளு மட்டும் அப்பவும் கால்லயே நின்னுக்கிட்டு இருந்துச்சு."

ஆக, அந்த மனிதர் முள்ளைப் பார்த்தார். பார்த்து நம்பியதுதான் அவர் செய்த ஒரே பிழை!

இனி, அந்த முள் ஏன் பொய் சொல்கிறது என்று பார்ப்போம். டேங்கினுள் ஒரு மிதவை கிடக்கும். எரிபொருள் குறையக் குறைய அது கீழே இறங்கும்; அதனோடு இணைந்த தண்டு முள்ளை நகர்த்தும். வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டி மிதவையின் உடன்பிறப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அசையாமல் நிற்கும் சதுரத் தொட்டிக்கு இது போதும். ஆனால் படகு அசையாமல் நிற்பதில்லை. அலையில் எரிபொருள் அங்குமிங்கும் மோதுகிறது. விசையோடு போகும்போது படகின் முகப்பு உயர்கிறது. எரிபொருள் பின்பக்கம் ஓடிச் சேர்கிறது. மிதவை பின்பக்கம் இருந்தால் இல்லாததை இருப்பதாகவும், முன்பக்கம் இருந்தால் இருப்பதை இல்லாததாகவும் முள் காட்டும். இவற்றோடு உப்புக் காற்று சேர்ந்து தண்டைத் துருப்பிடிக்கச் செய்தால், முள் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். அந்த இளைஞரின் தந்தைக்கு நேர்ந்தது இதுதான்.

டேங்கின் வடிவமோ இன்னும் பெரிய வஞ்சனை. தளத்துக்கு அடியில் படகின் அடிப்பாகத்தை ஒட்டி அமைக்கும் டேங்குகள் கீழே குறுகியும் மேலே அகன்றும் இருக்கும். கணக்கு ஆசிரியர்களே, இதைக் கரும்பலகையில் வரைந்து பாருங்கள். முனை கீழ்நோக்கிய முக்கோணம்தான் டேங்கின் குறுக்குவெட்டு என்று கொள்வோம். எரிபொருள் பாதி உயரத்துக்கு இருக்கிறது. அகலமும் பாதியாகிவிடுவதால் பரப்பு பாதியன்று, காலே! அதாவது, உயரத்தை மட்டும் அறிந்த முள் 'பாதி' என்று சொல்லும்போது உள்ளே இருப்பது நான்கில் ஒரு பங்கு. பாதி செலவானதும் திரும்பிவிடலாம் என்று கணக்கிட்டுச் சென்றவன், முக்கால் பங்கைச் செலவழித்த பிறகே திரும்புகிறான். இதில் அவனுடைய கல்வியறிவின் குறை எங்கே இருக்கிறது? உயர்நிலை இரண்டாம் வகுப்பில் நாம் நடத்தும் வடிவொத்த முக்கோணப் பாடத்தை, மானியை விற்றவரல்லவா மறந்துவிட்டார்!

மின்சார மானிகளிலும் ஒரு சங்கதி உண்டு. அமெரிக்க முறையில் டேங்க் காலியாக இருந்தால் மின்தடை 240 ஓம், நிறைந்திருந்தால் 33 ஓம். ஐரோப்பிய முறையில் காலியென்றால் 10 ஓம், நிறைவென்றால் 180 ஓம். இரண்டும் நேர் எதிர். பழைய சாமான் கடையில் வாங்கிய அமெரிக்க மானியை ஐரோப்பிய மிதவையோடு இணைத்துவிட்டால், டேங்க் வறண்டு கிடக்கும்போது முள் நிறைவு என்று கும்மாளமிடும். இதை வாங்குபவனுக்கு எடுத்துச் சொல்பவர் யார்?

"சிறு கருவிதானே, துல்லியத்தை எதிர்பார்க்கலாமா?" என்று கேட்பீர்கள். நாம் வாழும் இந்த ஊரையே எடுத்துக்கொள்வோம். துல்லியம் வேண்டும் என்று நினைத்த இடத்திலெல்லாம் அதை நாம் பெற்றிருக்கிறோம்.

உட்லண்ட்ஸ் கடற்பாலத்தைக் கடந்து ஜொகூரில் மலிவாகப் பெட்ரோல் போடும் வழக்கம் பெருகியபோது, அரை டேங்காவது இருந்தால்தான் சிங்கப்பூர் வாகனங்கள் எல்லையைத் தாண்டலாம் என்று 1989இல் விதி வந்தது. 1991இல் அது முக்கால் டேங்க் ஆயிற்று. உடனே நம் மக்களில் சிலர் முள்ளைத் திருத்தி, காலி டேங்கை நிறைந்ததாகக் காட்டத் தொடங்கினார்கள். சுங்கத்துறை சும்மா இருந்ததா? இல்லை. எரிபொருள் மானியில் கைவைப்பதே குற்றம்; வழக்கு மன்றத்துக்குப் போகவேண்டும். பொய் சொல்லும் முள்ளுக்குத் தண்டனை உண்டு, அதனால் வரி குறையுமென்றால்!

கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்புவதில் உலகின் முதல் துறைமுகம் நம்முடையது. 2024ஆம் ஆண்டில் மட்டும் 5 கோடி டன்னுக்கு மேல் விற்றிருக்கிறோம். முன்பெல்லாம் டேங்கில் அளவு நாடாவை இறக்கி உயரம் பார்ப்பார்கள். சில விற்பனையாளர்கள் எண்ணெயில் காற்றை ஊதி நுரைக்கச் செய்து, மட்டத்தை உயர்த்திக் காட்டினார்கள். தே தாரிக் குடிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நுரை அடங்கியதும் கோப்பையில் எவ்வளவு மிஞ்சும் என்பது நமக்குத் தெரியும். இத்தகைய ஏமாற்றுக்கு முற்றுப்புள்ளி வைக்க, 2017 சனவரி முதல் நாளிலிருந்து கனரக எரிபொருள் விநியோகத்துக்கு நிறை ஓட்டமானி கட்டாயமாக்கப்பட்டது. உலகத்திலேயே இதைக் கட்டாயமாக்கிய முதல் துறைமுகம் சிங்கப்பூர். 2019 சூலை முதல் டீசல் போன்ற வடிப்பு எரிபொருள்களுக்கும் அந்த விதி விரிந்தது. கப்பல் முதலாளியின் பணம் நுரையாகப் போகக்கூடாது என்று நினைத்தோம், கருவி வந்தது, சட்டம் வந்தது.

தேக்கா சந்தையில் மீன் நிறுக்கும் தராசைக் கவனித்திருக்கிறீர்களா? வணிகத்துக்குப் பயன்படும் தராசுகள் சோதிக்கப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். இந்தியாவிலும் 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி கடைத் தராசும் பெட்ரோல் நிலையக் குழாயும் சோதிக்கப்படுகின்றன. ஆக, மீனவன் எரிபொருள் வாங்கும்போது அளவு சரியாக இருக்க வேண்டும்; அவன் பிடித்த மீனை விற்கும்போதும் எடை சரியாக இருக்க வேண்டும். இடையில், கடலின் நடுவில், உயிரோடு திரும்ப முடியுமா என்று அவன் பார்க்கும் முள் மட்டும் எப்படியும் இருந்துவிட்டுப் போகலாம்! பணம் இழப்போர் இருக்கும் இடத்தில் அளவை துல்லியமாகிறது. உயிர் இழப்போர் மட்டுமே இருக்கும் இடத்தில் ஒரு தக்கைத் துண்டு போதும் என்றாகிறது. இதுவே என் குற்றச்சாட்டு.

விமானத் துறையை ஒப்பிட்டுப் பாருங்கள். 2005 ஆகஸ்டு 6ஆம் நாள், இத்தாலியின் பாரி நகரிலிருந்து துனிசியாவின் ஜெர்பாவுக்குப் புறப்பட்ட ஏடிஆர் 72 வகை விமானம் சிசிலிக்கு அருகே கடலில் விழுந்து 16 பேர் மாண்டனர். எரிபொருள் தீர்ந்துவிட்டது, மானியோ இருப்பதாகக் காட்டியது. புலனாய்வாளர்கள் மானியைப் பிரித்துப் பார்த்தார்கள். சிறிய ஏடிஆர் 42 வகைக்கு உரிய மானியை இதில் பொருத்தியிருந்தார்கள். 2009இல் இத்தாலிய நீதிமன்றம் விமானிகளை மட்டுமன்றி, பராமரிப்புக்கும் நிர்வாகத்துக்கும் பொறுப்பானவர்களையும் தண்டித்தது. அங்கே முள்ளும் விசாரிக்கப்பட்டது. படகு கரைக்குத் திரும்பாதபோது மீனவனின் முள்ளைப் பிரித்துப் பார்ப்பவர் யார்? "கவனக்குறைவு" என்ற ஒரே சொல்லில் கோப்பு மூடப்படுகிறது.

பாக்கு நீரிணையில் இந்த ஒரு சொல்லின் விலை மிகப் பெரிது. 1974, 1976ஆம் ஆண்டுகளின் உடன்பாடுகள் வரைந்த எல்லைக்கோடு நீரின்மேல் தெரிவதில்லை. எஞ்சின் நின்ற படகைக் காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் தள்ளினாலும் அதைப் பற்றி அவற்றுக்குக் கவலையில்லை. எல்லைக்கு அப்பால் போய்விட்டால் கைது, சிறை, படகு பறிமுதல். ஒரு மிதவைத் தண்டில் பிடித்த துரு, ஒரு குடும்பத்தின் பல ஆண்டு உழைப்பைத் தின்றுவிடக்கூடும்.

சிலர் சொல்வார்கள்: "அனுபவமுள்ள மீனவர் முள்ளை நம்பமாட்டார், டேங்கைத் தூக்கிப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார், குச்சியை விட்டுப் பார்ப்பார்." உண்மை. அந்தக் கைப்பழக்கத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் நம்பத்தகாத ஒன்றை எதற்காக மூடியில் பொருத்தி விற்கிறார்கள்? கருவியே இல்லையென்றால் மனிதன் எச்சரிக்கையாக இருப்பான். பொய்க் கருவி அந்த எச்சரிக்கையையும் பறித்துவிடுகிறது. புதிதாகக் கடலுக்குப் போகும் பதினெட்டு வயதுப் பையன் எதை நம்புவான், தாத்தாவின் குச்சியையா, பளபளக்கும் முள்ளையா?

செலவு அதிகமாகும் என்பதும் சரியான வாதமன்று. உள்ளிருப்பது வெளியே தெரியும் டேங்கில் லிட்டர்க் கோடுகள் போடுவதற்கு என்ன செலவு? நிலையான டேங்காக இருந்தால், ஒவ்வொரு லிட்டராக ஊற்றி அடையாளமிட்ட ஓர் அளவுக் குச்சியை டேங்கோடு சேர்த்து விற்பதற்கு எவ்வளவு பிடிக்கும்? 'இந்த முள் தோராயமானது. மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு ஆபத்துக்கு' என்று தமிழில் ஒரு வரி அச்சிட்டு ஒட்டுவதற்கு? வேண்டியது பணமன்று. இது சொல்லத்தக்க செய்தி என்ற எண்ணம்தான் வேண்டும்.

"இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு? நாம் படகா ஓட்டுகிறோம்?" என்று பெற்றோர் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. "படிக்காவிட்டால் இப்படித்தான்" என்று அன்று சொன்னவர் ஓர் ஆசிரியர். இதே வாக்கியத்தை வீட்டில் நம் பிள்ளைகளிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? கருவி தவறும்போது கருவியைக் கேட்காமல், அதைப் பிடித்திருந்த ஏழையின் படிப்பைக் கேட்கும் பழக்கத்தை அவர்கள் நம்மிடமிருந்துதான் கற்கிறார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்னும் பழமொழியை நாம் எல்லாரும் நடத்துகிறோம். சிக்கனம் என்று பொருள் எழுதச் சொல்லி முடித்துவிடுகிறோம். அடுத்த முறை அதனோடு ஒரு கேள்வியையும் சேர்ப்போம்: அளக்கும் கருவி சரிதானா என்று அளந்து பார்த்தது யார்? 1983 சூலை 23ஆம் நாள் ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று நடுவானில் எரிபொருளின்றி நின்ற கதையைச் சொல்லுங்கள். மானிகள் பழுது; குச்சி விட்டு அளந்தார்கள்; ஆனால் கிலோவுக்கும் பவுண்டுக்கும் வேற்றுமை பாராமல் பெருக்கியதால் தேவையில் பாதிக்கும் குறைவாகவே நிரப்பினார்கள். படித்தவர்கள்தாம்! விமானியின் திறமையால் கிம்லி என்னும் இடத்தில் அனைவரும் உயிர் தப்பினர். பிழை, படித்தவன் படிக்காதவன் என்று பார்த்து வருவதில்லை என்பதைப் பிள்ளைகள் அறியட்டும்.

பெற்றோர்களே, அடுத்த முறை சந்தையில் மீன் வாங்கும்போது, தராசிலுள்ள முத்திரையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 'இந்த மீனைப் பிடித்தவரின் படகிலும் இப்படி ஒரு முத்திரை இருக்குமா?' என்று கேளுங்கள்.

நான் அந்த ஆசிரியரிடம் நாளை பேசப்போகிறேன். தேநீர் வேளையில்தான், எல்லாரும் இருக்கும்போதுதான். அன்று சிரித்தவர்களும் கேட்கட்டும்.