தோளில் ஏந்தும் கணையும் சுதேசிக் கண்ணும்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் துளைத்துச் சென்று, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் தைத்தது என்று புறநானூற்றிலே வன்பரணர் பாடியிருக்கிறார். இதைப் புலவரின் கற்பனை என்று ஒதுக்குபவர்கள் இன்றைய யுத்தகளத்தைச் சற்றே நோக்குவார்களாக. ஏறக்குறைய 18 கிலோ எடையுள்ள குழாயைத் தோளில் ஏந்திய காலாட்படை வீரன் ஒருவன், பல கோடி ரூபாய் பெறுமான போர்விமானத்தை ஆகாயத்திலிருந்து வீழ்த்திவிடுகிறான். இவ்வாயுதம் நமது தேசத்துக்குப் புகட்டிய பாடம் இரத்தத்தில் எழுதப்பட்டது. அப்பாடத்தை நாம் முற்றும் கற்றுவிட்டோமா என்பதே இன்றைய கேள்வி.

முதலில் இவ்வாயுதம் இயங்கும் விதத்தை அறிவோம். விமானத்தின் இயந்திரமும் அதிலிருந்து வெளிவரும் வாயுவும் கடும் வெப்பமுடையவை. வெப்பமுள்ள பொருள்கள் நமது கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களை வீசுகின்றன. கணையின் மூக்கிலே அக்கதிர்களைக் காணவல்ல சிறு கண் ஒன்று இருக்கிறது. புதிய வகைகளில் அக்கண் கூர்மையாகக் காணும்பொருட்டு அதைக் கடுங்குளிரில் வைக்கிறார்கள். இதற்கான வாயுவையும் மின்சாரத்தையும் ஒருங்கே தரும் சிறு கலம் குழாயில் பொருத்தப்படுகிறது. அது ஒரு நிமிஷத்துக்கும் குறைவாகவே பயன் தரும். அதற்குள் வீரன் குறி பார்த்தாக வேண்டும். கண் இலக்கைப் பற்றிக்கொண்டதும் ஒலியெழுப்பி அறிவிக்கும். அவன் விசையை இழுப்பான். சிறு வெடிமருந்து கணையைக் குழாயிலிருந்து சில மீட்டர் தூரம் தள்ளிவிடும். அதன் பின்னரே பெரிய ராக்கெட் மூண்டெழும். இல்லாவிடில் ஏவியவனே கருகிப்போவான். ஒலியைப் போல் இரு மடங்கு வேகத்தில் பாயும் அக்கணை விமானத்தின் வாலைத் துரத்திக்கொண்டு போவதில்லை. விமானம் சென்று சேரவிருக்கும் இடத்தைக் கணித்து அங்கே போய்ச் சந்திக்கிறது. ஏவியவனோ அதற்குள் இடம் மாறி மறைந்துவிடலாம்.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. விமானி எரிசுடர்களை வீசிக் கணையின் கண்ணை ஏமாற்றப் பார்க்கிறான். 1960களின் இறுதியில் சோவியத் நாடு படைக்களித்த ஸ்ட்ரேலா-2 போன்ற பழைய கணைகள் எளிதில் ஏமாந்தன. பின்வந்த கணைகளோ ஒன்றுக்கு மேற்பட்ட வகைக் கதிர்களை ஒப்பிட்டு, சுடர் எது, விமானம் எது என்று பிரித்தறிகின்றன. எனவே இவ்வாயுதத்தின் உயிர் குழாயிலுமில்லை, வெடிமருந்திலுமில்லை. அந்தச் சிறு கண்ணிலேதான் இருக்கிறது.

இதன் வீச்சு ஐந்தாறு கிலோமீட்டர். உயரம் ஏறக்குறைய மூன்றரைக் கிலோமீட்டர். அதற்கு மேலே பறக்கும் விமானத்துக்கு அபாயமில்லை. ஆனால் மலைநாட்டில் இந்தக் கணக்கு மாறிவிடும். கொல்லிமலையில் குண்டனி நாட்டார் அடிவாரச் சமவெளியை விட ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் வசிக்கிறார்கள். மலைவிளிம்பில் நிற்கும் ஒருவனுக்குச் சமவெளியின் மேல் தாழப் பறக்கும் விமானம் நேரெதிரே, சில சமயம் கீழேயும் தோன்றும். கொல்லிமலையிலேயே இவ்வாறென்றால், ஐயாயிரம் மீட்டரை ஒட்டிய கார்கில் சிகரங்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

1999 மே 27-ஆம் தேதி, இயந்திரம் அணைந்து விழுந்த மிக்-27 விமானத்தின் விமானி நசிகேதாவைத் தேடிச் சென்றார் ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அகூஜா. அவருடைய மிக்-21 விமானத்தைத் தோளிலிருந்து ஏவிய கணை தாக்கியது. அந்த வீரர் தேசத்துக்காக உயிர் நீத்தார். மறுநாள் தோலோலிங் அருகே எம்ஐ-17 ஹெலிகாப்டர் ஒன்று அதே விதமாக வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த நால்வரும் மாண்டனர். எரிசுடர் வீசும் சாதனம் அதில் இருக்கவில்லை. அதன் பின்னரே ஹெலிகாப்டர்கள் தாக்குதலிலிருந்து விலக்கப்பட்டன; விமானங்கள் கணைக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றன. ஜூன் 24-ஆம் தேதி டைகர் ஹில் மீது மிராஜ் விமானம் லேசர் வழிகாட்டும் குண்டை வீசியது. வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த மிராஜ் பிரான்ஸ் தேசத்துச் சரக்கு; லேசரால் குறி காட்டிய சாதனமோ இஸ்ரேல் தேசத்துச் சரக்கு.

வெளிநாட்டில் வாங்கினால் விரைவில் கிடைக்குமே என்பர் சிலர். அவசரத்துக்கு வாங்குவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆயினும் ஒன்று கேட்கிறோம். கண்ணைச் செய்தவனுக்கு அதைக் குருடாக்கும் வழியும் தெரியுமல்லவா? நமது படை நெடுங்காலமாக நம்பியிருப்பது ருஷியாவின் இக்லா கணையை. அந்த ருஷியாவே 2022 முதல் உக்ரேன் யுத்தத்தில் இறங்கியிருக்கிறது. விற்பவன் வீட்டில் தீப்பற்றினால் அவன் தன் கூரையைக் காப்பானா, நமக்குத் தண்ணீர் அனுப்புவானா?

நிற்க, இந்த ஆயுதத்துக்கு மற்றொரு குணமும் உண்டு. தோளில் ஏறும் பொருள் கள்ளத்தனமாகக் கைமாறுவதும் எளிது. 1986 முதல் ஆப்கானிஸ்தானத்துக்கு ஸ்டிங்கர் கணைகளை அள்ளிக் கொடுத்த அமெரிக்கா, சோவியத் படை வெளியேறிய பின் அவற்றையே விலை கொடுத்துத் திரும்ப வாங்க முயன்றது. இலங்கையில் 1995 ஏப்ரல் 28, 29 தேதிகளில் பலாலி அருகே இரண்டு ஆவ்ரோ விமானங்களை விடுதலைப் புலிகள் இவ்வகைக் கணையால் வீழ்த்தினர். 1998 செப்டம்பர் 29-ஆம் தேதி யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட லயன் ஏர் பிரயாணிகள் விமானம் மன்னார் கடலில் வீழ்ந்து 55 பேர் மாண்டனர். அதுவும் இத்தகைய கணையாலேயே என்று கருதப்படுகிறது. கணையின் கண் வெப்பத்தை மட்டுமே அறியும். போர்வீரன் எவன், குழந்தையை ஏந்திய தாய் எவள் என்று அறியாது. அந்த விவேகம் ஆயுதத்தைக் காவல் புரியும் சர்க்காருக்கே இருக்க வேண்டும்.

ஹைதராபாத்திலுள்ள இமாரத் ஆராய்ச்சி மையத்தார் மற்ற நிலையங்களுடன் சேர்ந்து உருவாக்கிய சுதேசிக் கணை 2022 முதல் சந்திப்பூரிலும் பொக்ரானிலும் வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டு வந்திருப்பது நமக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது. ஆனால் சோதனைத் திடலில் பறந்த கணை எல்லைக் காவல் வீரனின் தோளில் ஏறினால்தான் பயன். தில்லி சர்க்கார் இரண்டு காரியம் செய்யட்டும். கணையின் கண்ணும், அதைக் குளிர்விக்கும் கலமும் உட்பட ஒவ்வொரு உறுப்பையும் இந்நாட்டிலேயே போதிய அளவில் செய்விக்கட்டும். செய்த குழாய் ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, ஒன்றுகூடக் கணக்குத் தவறாமல் காவல் புரியட்டும்.

நமது வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓரியின் பெயரை மேடையில் முழங்குவது எளிது. வெப்பக் கதிரைக் காணும் கண்ணைச் செய்யும் பௌதிக சாஸ்திரத்தை இரவு பகலாகப் பயில்வது கடினம். தேசம் இன்று வேண்டுவது அந்தக் கடினமான காரியத்தையே. இரவல் கண்ணால் எல்லையைக் காக்கும் தேசம், அதன் சொந்தக்காரன் கேட்கும் நாளில் குருடாகிவிடும்.