பேர் இல்லாத பெட்டி!

கேன்டீன் அரட்டை, கல்ச்சுரல்ஸ் கலாட்டா எல்லாத்துக்கும் இந்த வாரம் லீவு. நேரா எங்க வீட்டுப் பரணுக்கு ஏறுவோம், வாங்க!

செமஸ்டர் லீவுல பாளையங்கோட்டை போயிருந்தேன். பரணை ஒழிக்கிறப்போ சிக்குச்சு ஒரு கனமான அலுமினியப் பெட்டி. மேலே மூணு கண்ணாடி வால்வு, ரெண்டு டிரான்ஸ்ஃபார்மர். கம்பெனி பேர் கிடையாது, மாடல் நம்பர் கிடையாது. ஸ்பீக்கர் வயர் மாட்டுற இடம் இருந்ததால ஆம்ப்ளிஃபயர்னு மட்டும் புரிஞ்சுது.

''ஏதோ பழைய கடைச் செட்டு. எடைக்குப் போட்டுரலாம்''னார் அப்பா.

''ஏல, அது உங்கப்பா கையால செஞ்சதுல்லா! எங்களுக்குக் கல்யாணமான மறு வருஷம்...''னு ஆச்சி.

தாத்தா கூட்டுறவு சங்கத்துல கணக்கு எழுதினவர். அவர் சோல்டரிங் அயர்ன் பிடிச்சு அப்பா பார்த்ததே இல்லையாம். ஆச்சிக்கு ஞாபகம் தடுமாறுதுன்னு வீட்டுல எல்லாரும் முடிவே பண்ணிட்டாங்க. ஆச்சி முகம் சுருங்கிப்போச்சு. நான்தான் வீட்டோட ஈ.சி.இ. ஆச்சே... தீர்ப்பு சொல்ற பொறுப்பு என் தலையில! (நான் வால்வை நேர்ல பார்த்ததே அன்னிக்குத்தான். வெளியே சொல்லிடாதீங்க பாஸ்!)

பக்கத்துத் தெரு ரேடியோ மெக்கானிக் அண்ணாச்சிக்கு போன் போட்டேன். ''ஏ புள்ள, கரன்ட்ல மட்டும் சொருகிராத!''ன்னார் எடுத்த எடுப்புல. வால்வு செட்டுக்குள்ள 300 வோல்ட் பக்கம் ஓடும். ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும். பல வருஷம் சும்மா கிடந்த கெப்பாசிட்டர் வெடிக்கவும் செய்யலாம். அண்ணாச்சி வந்து, மீட்டர் வெச்சுப் பார்த்துட்டுத்தான் அடித்தகட்டைக் கழட்டினார்.

முதல் துப்பு, வால்வு மேல இருந்த நம்பர். இ.எஃப்.86, இ.எல்.84, இ.இசட்.80. இது ஒரு சங்கேத பாஷை. 'இ'ன்னா ஹீட்டருக்கு 6.3 வோல்ட். 'எஃப்' சின்ன சிக்னலைப் பெருக்கும் பென்டோடு, 'எல்' ஸ்பீக்கரை ஓட்டும் பென்டோடு, 'இசட்' ஏ.சி-யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபயர். 80-ல ஆரம்பிக்கிற நம்பர்னா ஒன்பது பின்.

அண்ணாச்சி பளிச்னு சொன்னார்... ''இது முல்லார்டு த்ரீ - த்ரீ!'' முல்லார்டு, இங்கிலாந்து வால்வு கம்பெனி. வீட்டுலயே ஆம்ப்ளிஃபயர் செய்யறவங்களுக்காக சர்க்யூட்டையே வெளியிட்டாங்க. 1959-ல புத்தகமாவும் போட்டாங்க. மூணு வால்வு, மூணு வாட்ஸ்... அதான் த்ரீ - த்ரீ. இதோட அண்ணன் ஃபைவ் - டென், அஞ்சு வால்வு, பத்து வாட்ஸ்!

அப்போ வயசு? ஒரு வால்வுல பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் முத்திரை. அதை வெச்சு நான் கணக்குப் போட ஆரம்பிச்சதும் அண்ணாச்சி தடுத்தார். வால்வை எப்ப வேணா பிடுங்கி மாத்தலாம். சோல்டர் வெச்ச பார்ட்ஸைப் பாருங்கிறார். ஒரு கெப்பாசிட்டர்ல '3/66'. சோல்டர் பழசு, மறுபடி தொட்ட அடையாளமே இல்லை. அதாவது, 1966 மார்ச்சுக்கு முன்னாடி இது பிறந்திருக்க முடியாது. ஆச்சி கல்யாணம் 1967!

கடைச் செட்டா, கைச் செட்டா? வால்வு சாக்கெட்டுக்கான ஓட்டைங்க சரியான வட்டமே இல்லை. சுத்தி சின்னச் சின்னதா துளை போட்டு, அரத்தால ராவியிருக்காங்க. ஒரு இடத்துல கேட்ட மதிப்புல ரெசிஸ்டர் கிடைக்காம, ரெண்டை முறுக்கிச் சேர்த்திருக்காங்க. ஃபேக்டரி இப்படிச் செய்யாது. காசும் பார்ட்ஸும் கிடைக்காத மனுஷன்தான் செய்வான்.

சரி, யார் அந்த மனுஷன்? தகட்டோட உள்பக்கம் பென்சில்ல சில கணக்கு. அதுல வந்த எல்லா 7-க்கும் நடுவுல ஒரு குறுக்குக் கோடு. அப்பா ஒண்ணும் பேசலை. உள்ளே போய், தாத்தாவோட பழைய வரவு - செலவு நோட்டை எடுத்துட்டு வந்தார். பக்கத்துக்குப் பக்கம் அதே கோடு போட்ட 7.

''நான் அப்பவே சொன்னேன்லா...''ன்னு சொல்லிட்டு ஆச்சி காபி போடப் போயிட்டாங்க.

அது இன்னும் பாடலை ஃப்ரெண்ட்ஸ். கெப்பாசிட்டர் எல்லாம் மாத்தணும், அண்ணாச்சி மேற்பார்வையில. ஆனா எடைக்குப் போற பேச்சு நின்னுபோச்சு.

உங்க வீட்டுப் பரண்லயும் பேர் இல்லாத பெட்டி இருக்கலாம். வால்வு நம்பரைப் படிங்க, சோல்டரைப் பாருங்க, தகட்டைத் திருப்புங்க. அதுக்கும் முன்னாடி, வீட்டுல இருக்கிற பெரியவங்க சொல்றதைக் கொஞ்சம் நம்புங்க. ப்ளக்கை மட்டும் தொட்டுராதீங்க!

அடுத்த வாரம் பார்ப்போமா?